பதிமூன்றாவது ரவுண்டு

அலியும் டைசனும் மோதினால் யார் ஜெயிப்பார்கள்?

இந்தக் கேள்விக்குச் சேலம் ஐந்து ரோட்டு டீக்கடையிலும் பதில் இருக்கிறது, நாமக்கல் லாரிப் பட்டறையிலும் பதில் இருக்கிறது. 'சார்பட்டா பரம்பரை' 2021-ல் வந்த பிறகு கேள்வியே தேவையில்லை, பதில் தானாக வருகிறது. "அலி கால் வேலைக்கு முன்னாடி டைசன் என்னங்க பண்ணுவான், நாலு ரவுண்டுல மூச்சு வாங்கிடும்" என்று ஒருத்தர். "அட போங்க பாஸ், 88-ம் வருசத்து டைசனைப் பாத்திருக்கீங்களா? ஸ்பிங்க்ஸை 91 செகண்டுல படுக்க வச்சவன்" என்று இன்னொருத்தர். மூன்றாவது ஆள் அதுவரை சும்மா இருந்துவிட்டு, "ரெண்டு பேரையும் இன்னைக்கு இருக்கிற டைசன் ஃப்யூரி முன்னாடி நிறுத்திப் பாருங்க, ஆள் ஆறே முக்கால் அடி" என்பார். டீ ஆறிவிடும். சண்டை முடியாது.

பொழுதுபோக்குக்குப் பேசுவதை எதற்கு நோண்ட வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இந்தப் பேச்சு நாம் நினைக்கிற அளவுக்கு அப்பாவி இல்லை. வெவ்வேறு காலத்துச் சாம்பியன்களை ஒரே ரிங்குக்குள் இறக்குகிற ஒவ்வொரு கற்பனையும் மூன்று பொருட்களைத் திருடிக்கொண்டுதான் தொடங்குகிறது. அவர்கள் வாழ்ந்த காலம், அவர்கள் எதிரில் நின்ற ஆட்கள், அவர்கள் உடம்பு வாங்கிய அடி. இந்த மூன்றையும் கழற்றி வைத்துவிட்டால் மிச்சம் இருப்பது சாம்பியன் இல்லை, நம்முடைய ஆசை. நம் ஆசைக்குக் கிளவுஸ் மாட்டி விட்டுவிட்டு, ஜெயித்தது அலி என்கிறோம், டைசன் என்கிறோம்.

சும்மா சொல்லவில்லை. இந்த விளையாட்டை ஒருமுறை உலகமே பார்க்க, பெரிய பணம் போட்டு, கம்ப்யூட்டர் வைத்து ஆடிப் பார்த்தார்கள்.

*

1967. அமெரிக்காவில் மியாமியைச் சேர்ந்த மர்ரி வொரோனர் என்ற வானொலித் தயாரிப்பாளருக்கு ஒரு யோசனை வந்தது. எல்லாக் காலத்து ஹெவிவெயிட் சாம்பியன்களையும் ஒரு போட்டியில் மோத விடுவது. குத்துச்சண்டை பற்றி எழுதுகிற பத்திரிகையாளர்களிடம் ஒவ்வொரு வீரருக்கும் மதிப்பெண் கேட்டார்கள். வேகம் எவ்வளவு, குத்தின் பலம் எவ்வளவு, அடி தாங்குவது எவ்வளவு என்று வரிசையாக. அந்த எண்களை என்.சி.ஆர். 315 என்கிற கம்ப்யூட்டருக்குள் போட்டார்கள். அது கொடுத்த முடிவை வைத்து, நேரில் நடக்கிற சண்டை மாதிரியே வானொலியில் வர்ணனை. இறுதிப் போட்டியில் ராக்கி மார்சியானோ ஜாக் டெம்ப்சியை வென்றார்.

அந்தப் போட்டியில் முகமது அலி காலிறுதியிலேயே வெளியே போனார். அவரைத் தோற்கடித்தது ஜிம் ஜெஃப்ரிஸ். அலி விடவில்லை. தன் பெயருக்குக் களங்கம் என்று 1 மில்லியன் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். அந்த வழக்கைச் சமாதானமாக முடிக்கும் பேச்சிலிருந்துதான் அடுத்த யோசனை பிறந்தது. வானொலி வேண்டாம், சினிமாவாகவே எடுத்துவிடுவோம். அலி ஒரு பக்கம், மார்சியானோ ஒரு பக்கம்.

1969-ல் மியாமியில் ஒரு ஸ்டுடியோவில் கதவைச் சாத்திக்கொண்டு எடுத்தார்கள். 45 வயது மார்சியானோ இதற்காக ஏறத்தாழ 20 கிலோ எடை குறைத்தார். தலையில் விக். இருவரும் ஒரு நிமிட ரவுண்டுகளாக எழுபது ரவுண்டு அளவுக்கு ஆடினார்கள். அவர் விழுவது, இவர் விழுவது, ரத்தம் வந்து நிறுத்துவது என்று பல முடிவுகளையும் எடுத்து வைத்துக்கொண்டார்கள். எது உண்மையான முடிவு என்பது நடித்தவர்களுக்கே தெரியாது.

சேலத்துக்காரர்களுக்கு இதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாண்டிப் போகிற ஊர் இது. டி.ஆர். சுந்தரம் 1940-ல் 'உத்தம புத்திரன்' எடுத்தபோது பி.யு. சின்னப்பா ஒருவரே இரண்டு வேடம். ஒரே ஆள் நல்லவனாகவும் கெட்டவனாகவும் எதிரெதிரே நிற்கலாம். யார் ஜெயிப்பது என்பது கத்தியைப் பிடித்த கையில் இல்லை, கதை எழுதிய கையில் இருக்கிறது. அந்த வளாகத்தில் லைட் பிடித்த பையனுக்குக்கூட இது தெரிந்திருக்கும். மியாமியில் எடுத்ததும் இதேதான். என்ன, கதாசிரியர் பெயர் போடுகிற இடத்தில் கம்ப்யூட்டர் என்று போட்டுவிட்டார்கள்.

1970 ஜனவரி 20 அன்று சுமார் 1500 திரையரங்குகளில் படம் ஓடியது. அமெரிக்காவில் பார்த்தவர்களுக்கு, பதிமூன்றாவது ரவுண்டில் மார்சியானோ அலியை நாக் அவுட் செய்தார். ஐரோப்பாவில் வேறு முடிவு காட்டப்பட்டது. அங்கே மார்சியானோவுக்கு முகம் கிழிந்து ரத்தம் கொட்ட, அலி ஜெயித்தார்.

ஒரே கம்ப்யூட்டர், ஒரே சண்டை. கடலுக்கு இந்தப் பக்கம் ஒருத்தர் ஜெயிக்கிறார், அந்தப் பக்கம் இன்னொருத்தர். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? அந்தக் கம்ப்யூட்டர் அலபாமாவில் செய்ததாக இருக்கும் என்று அலி கிண்டல் செய்ததாகச் சொல்வார்கள். கறுப்பர்களை ஒடுக்குவதற்குப் பேர்போன மாநிலம் அது.

*

இந்த இடத்தில் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் படம் ஓடிய அந்த நாளில் இருவரும் எங்கே இருந்தார்கள் என்று பாருங்கள்.

மார்சியானோ இறந்துவிட்டார். படப்பிடிப்பு முடிந்த சில வாரங்களில், 1969 ஆகஸ்ட் 31 அன்று, ஒரு சிறிய விமான விபத்தில். மறுநாள் அவருக்கு 46-வது பிறந்தநாள்.

அலிக்குச் சண்டை போட அனுமதி இல்லை. 1967 ஏப்ரல் 28 அன்று, வியட்நாம் போருக்கான ராணுவச் சேர்க்கையில் பெயர் கூப்பிட்டபோது முன்னால் அடி எடுத்து வைக்க மறுத்தார். பட்டம் பறிபோனது, உரிமம் பறிபோனது, 5 ஆண்டு சிறைத் தண்டனையும் தீர்ப்பானது. மேல்முறையீட்டில் வெளியே இருந்தார். 25 வயதிலிருந்து 28 வயது வரை, ஒரு குத்துச்சண்டை வீரனின் உடம்பு உச்சத்தில் இருக்கிற காலம், மொத்தம் 43 மாதங்கள் அவர் தொழில்முறை ரிங் ஏறவில்லை. 1970 அக்டோபரில்தான் திரும்ப ஏறினார். 1971-ல் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது.

ஆக, செத்துப்போன ஒருவரும் வேலை செய்யத் தடை விதிக்கப்பட்ட ஒருவரும் திரையில் சண்டை போட்டார்கள். நிஜ அலியை ரிங்குக்குள் விடாத ஒரு நாடு, கற்பனை அலியை விலைக்கு வாங்கி, ஒரு தோல்வியே இல்லாத வெள்ளை வீரரிடம் அடி வாங்க வைத்துக் காசு கொடுத்துப் பார்த்தது. 'யார் பெரியவர்' என்ற கேள்விக்கு அன்று கிடைத்த பதில் இதுதான்.

இன்னும் ஒரு படி பின்னால் போவோம். வானொலியில் அலியைத் தோற்கடித்ததாகச் சொன்னார்களே, அந்த ஜிம் ஜெஃப்ரிஸ் யார்? 1899 முதல் 1905 வரை சாம்பியன். பட்டத்தைக் கையில் வைத்திருந்த காலம் முழுக்க, கறுப்பு வீரர்களுக்குப் பட்டப் போட்டியில் வாய்ப்புக் கொடுக்க மாட்டேன் என்று இருந்தவர். 1908-ல் ஜாக் ஜான்சன் முதல் கறுப்பின ஹெவிவெயிட் சாம்பியன் ஆனதும், வெள்ளையர்களின் மானத்தைக் காப்பாற்ற ஓய்விலிருந்த இந்த ஜெஃப்ரிஸைத்தான் பிடித்து இழுத்து வந்தார்கள். 1910 ஜூலை 4, ரீனோ நகரம். 15-வது ரவுண்டில் ஜான்சன் அவரை முடித்துவிட்டார். அன்று இரவு அமெரிக்காவின் பல ஊர்களில் கறுப்பர்களைத் தேடித் தேடி அடித்தார்கள், கொன்றார்கள். அந்தச் சண்டையின் படத்தைப் பல ஊர்களில் தடை செய்தார்கள். 1912-ல் குத்துச்சண்டைப் படங்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோவதற்கே நாடாளுமன்றத்தில் தடைச் சட்டம் கொண்டுவந்தார்கள்.

நிஜத்தில் தோற்ற அந்த ஜெஃப்ரிஸ், 57 வருடம் கழித்து, ஒரு கம்ப்யூட்டருக்குள் ஜெயிக்கிறார். அதுவும் யாரை? ஜாக் ஜான்சனைப் போலவே வாய் அடங்காத ஒரு கறுப்பு வீரரை. 1910-ல் கிடைக்காததை 1967-ல் எடுத்துக்கொண்டார்கள். அப்போது முஷ்டியால் முடியாதது இப்போது எண்களால் முடிந்தது.

எண்கள் பொய் சொல்லாது என்பார்கள். மதிப்பெண் போட்டது மனிதர்கள். அந்த மனிதர்களுக்கு ஒரு காலம் இருந்தது, ஒரு நிறம் இருந்தது, ஒரு கோபம் இருந்தது. இன்று செல்போன் விளையாட்டில் பழைய வீரர்களுக்கு 'பவர் 94, ஸ்பீடு 88' என்று நம்பர் போட்டுக் கொடுக்கிறார்களே, அதையும் எங்கோ ஒரு அறையில் உட்கார்ந்து யாரோ போட்டதுதான்.

*

"அரசியலை விடுங்க ப்ரோ. நியாயமான மதிப்பெண், நியாயமான கம்ப்யூட்டர் இருந்தா பதில் கிடைக்கும்ல?"

கிடைக்காது. ஏனென்றால் மோதுவது இரண்டு ஆட்கள் மட்டும் இல்லை, இரண்டு சட்டப் புத்தகங்களும்கூட.

மார்சியானோவையே எடுத்துக்கொள்வோம். 49 சண்டை, 49 வெற்றி. இந்த ஒற்றை வரியை வைத்துத்தான் இன்றுவரை அவருக்காக வாதாடுகிறார்கள். 1952 செப்டம்பர் 23, பிலடெல்ஃபியா. ஜெர்சி ஜோ வால்காட் சாம்பியன், வயது 38. முதல் ரவுண்டிலேயே மார்சியானோவைக் கீழே தள்ளிவிட்டார். அதுவரை மார்சியானோ விழுந்ததே கிடையாது. பன்னிரண்டு ரவுண்டு முடிந்தபோது மூன்று நடுவர்களின் தாளிலும் வால்காட்தான் முன்னால் இருந்தார். பதிமூன்றாவது ரவுண்டில் மார்சியானோவின் வலது கை வந்து இறங்கியது. வால்காட் கயிற்றில் தொங்கிச் சரிந்தார். புது சாம்பியன்.

இப்போது ஒரு விஷயம் யோசியுங்கள். அன்று பட்டச் சண்டை 15 ரவுண்டு. 1982-ல் கொரிய வீரர் கிம் டுக்-கூ ஒரு பட்டச் சண்டையில் 14-வது ரவுண்டில் அடி வாங்கி, சில நாட்களில் இறந்துபோனார். அதன் பிறகு ஒவ்வோர் அமைப்பாக 12 ரவுண்டாகக் குறைத்தன. இன்று 12-தான். இன்றைய சட்டத்தில் 1952-ன் அந்தச் சண்டை நடந்திருந்தால், பன்னிரண்டாவது ரவுண்டு மணியோடு முடிந்திருக்கும். வால்காட் பாயிண்டில் ஜெயித்திருப்பார். மார்சியானோவின் '49-0' இருந்திருக்காது.

மியாமி கம்ப்யூட்டர் அலியை விழவைத்ததும் பதிமூன்றாவது ரவுண்டில்தான். வால்காட் விழுந்த அதே ரவுண்டு. ஒரு கம்ப்யூட்டருக்குக் கற்பனை எவ்வளவு வறண்டுபோயிருந்தால், நடந்த கதையையே தூசி தட்டி எதிராளி பெயரை மட்டும் மாற்றும்! இன்றைய குத்துச்சண்டையில் பதிமூன்றாவது ரவுண்டு என்று ஒன்று கிடையாது. அலியைத் தோற்கடித்த குத்து, இப்போது இல்லாத ஒரு ரவுண்டில் விழுந்த குத்து.

எடைக்கு வருவோம். வால்காட்டோடு மோதிய அன்று மார்சியானோ ஏறத்தாழ 83 கிலோ. 1964-ல் லிஸ்டனை வென்ற அன்று அலி ஏறத்தாழ 95. 2020-ல் வைல்டரை வென்ற அன்று டைசன் ஃப்யூரி 120-ஐத் தாண்டியிருந்தார். இன்றைய கணக்கில் 90.7 கிலோ வரை க்ரூசர்வெயிட். அதற்கு மேலே போனால்தான் ஹெவிவெயிட். ஆக, ஹெவிவெயிட் வரலாற்றிலேயே தோல்வி காணாமல் ஓய்வு பெற்றவர் என்று நாம் கொண்டாடுகிற ஆள், இன்று தராசில் ஏறினால் ஹெவிவெயிட்டே கிடையாது. அவரை ஃப்யூரி முன்னால் நிறுத்துவதற்கு முன்னால் நீங்கள் முடிவு செய்யவேண்டிய விஷயங்கள் எத்தனை? எத்தனை ரவுண்டு? எந்தக் கிளவுஸ்? இன்றைய சாப்பாடும் இன்றைய பயிற்சியும் மார்சியானோவுக்கு உண்டா? உண்டு என்றால் அவர் மார்சியானோதானா? இல்லை என்றால் அது நியாயமா? ஒவ்வொரு கேள்விக்கும் நீங்கள் சொல்கிற பதிலில்தான் வெற்றி தோல்வி இருக்கிறது. மணி அடிப்பதற்கு முன்பே சண்டை முடிந்துவிட்டது.

நாமக்கல்லில் லாரி ஓட்டுகிறவரிடம் இதை விளக்கவே வேண்டாம். எண்பதுகளில் ஓடிய லேலண்ட் வண்டியையும் இன்று வருகிற பிஎஸ்-6 வண்டியையும் தொப்பூர் கணவாயில் ஏறவிட்டால் எது முந்தும் என்று கேட்டுப் பாருங்கள். "எந்த ரோட்டுலங்க? அப்ப இருந்த ரோட்டுலயா, இப்ப இருக்கிற நாலு வழியிலயா? எத்தனை டன் பாரம்?" என்று திருப்பிக் கேட்பார். பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியைத் திருப்பித் திருப்பித் தோள்பட்டை போன டிரைவரின் திறமையை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்றும் கேட்பார். வண்டிக்கே இவ்வளவு கேள்வி கேட்கிறவர்கள்தான் நாம். ஆளுக்கு வந்தால் மட்டும் கேட்பதில்லை.

*

இந்த வகைச் சண்டை மேற்கிலிருந்து வந்த மோகம் என்று நினைக்கவேண்டாம். நம்மிடம் இதைவிடப் பழைய சண்டை ஒன்று இருக்கிறது. அதன் நாயகர் நாமக்கல் கோட்டை மலைக்குக் கீழே, தலைக்கு மேல் கூரை இல்லாமல், 18 அடி உயரத்தில் நின்றுகொண்டிருக்கிறார்.

மகாபாரதத்தின் வன பர்வம். திரௌபதி கேட்ட சௌகந்திகப் பூவைத் தேடிப் பீமன் காட்டுக்குள் போகிறான். வழியை அடைத்துக்கொண்டு ஒரு கிழக் குரங்கு படுத்திருக்கிறது. நகரச் சொல்கிறான். "உடம்பு முடியலை, வாலை நீயே ஒதுக்கிவிட்டுப் போ" என்கிறது குரங்கு. ஒரு கையால் முயல்கிறான், இரண்டு கையாலும் முயல்கிறான். வால் அசையவில்லை. அது அனுமன். ஒருவர் திரேதா யுகத்து ஹெவிவெயிட், ஒருவர் துவாபர யுகத்து ஹெவிவெயிட். இருவருக்கும் அப்பா ஒருவரே, வாயு. இரண்டு காலத்துச் சாம்பியன்கள் மோதினால் யார் ஜெயிப்பார் என்பதற்கு நம் முதல் பதில் இது.

பழையவர் ஜெயித்துவிட்டார். ஏன்? யுகம் யுகமாக உலகம் தேய்ந்துகொண்டே போகிறது என்று நம்பிய காலத்தில் எழுதப்பட்ட கதை. பழசுதான் பெரிசு. இன்றைய நம்பிக்கை இதற்கு நேர் எதிர். சாதனைகள் உடைந்துகொண்டே போகின்றன, உடம்புகள் பெரிதாகிக்கொண்டே போகின்றன. அதனால் புதுசுதான் பெரிசு. இரண்டுமே முன்கூட்டி எழுதிய தீர்ப்புகள்தான்.

ஆனால் அந்தப் பழைய கதையில் ஒரு திருப்பம் இருக்கிறது. கடலைத் தாண்டிய அந்தப் பேருருவத்தைக் காட்டச் சொல்லிப் பீமன் கேட்கிறான். அனுமன் உடனே காட்டிவிடவில்லை. அந்த உருவம் அந்தக் காலத்துக்கு உரியது, மண்ணும் ஆறும் மலையும் உடம்பும் பலமும் அந்தந்த யுகத்துக்கு ஏற்பத்தான் இருக்கும், காலத்தை மீற முடியாது என்கிற பொருளில் முதலில் பதில் சொல்கிறான். பிறகுதான் காட்டுகிறான். தோற்றவனை அணைத்துக்கொள்கிறான். வரப்போகிற போரில் அர்ஜுனனின் கொடியில் இருந்து துணை நிற்பேன் என்று அனுப்பிவைக்கிறான். அடுத்த யுகத்துச் சண்டையில் தான் இறங்குவதில்லை. கொடியில் உட்கார்ந்துகொள்கிறான், அவ்வளவுதான். சண்டை போடுகிற வேலை அந்தக் காலத்து ஆட்களுக்கு.

ஜெயித்தவனே, "இது செல்லாது தம்பி, காலம் வேறு" என்று சொன்ன ஒரே கற்பனைச் சண்டை இதுவாகத்தான் இருக்கும். நாம் அதை வாலின் பலம் பற்றிய கதையாகச் சுருக்கி வைத்திருக்கிறோம்.

*

"குத்துச்சண்டையில் எதிராளி உண்டு, அதனால் குழப்பம். சென்டிமீட்டரில் அளக்கிற விளையாட்டில் இந்தப் பிரச்சினை இல்லையே?" இப்படியும் கேட்கலாம். நம் ஊர்ப் பிள்ளையை வைத்தே பார்த்துவிடுவோம்.

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு. உயரம் தாண்டுதல். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர், தங்கம். 2021-ல் நடந்த டோக்கியோவில் 1.86, வெள்ளி. 2024 பாரிஸில் 1.85, வெண்கலம். தங்கம், வெள்ளி, வெண்கலம். பாரிஸ் முடிந்த கையோடு இதை இறங்குமுகம் என்று வாசித்தவர்கள் உண்டு.

சரி, கற்பனை விளையாட்டு ஆடுவோம். ரியோ மாரியப்பனை டோக்கியோவுக்குக் கூட்டிப்போனால், அங்கே தங்கம் 1.88-க்குப் போனது, ஆக 1.89-க்குத் தங்கம். பாரிஸுக்குக் கூட்டிப்போனால் எஸ்ரா ஃப்ரெச் 1.94 தாண்டியிருக்கிறார், ஆக வெள்ளி. கணக்கு சுத்தம். ஆனால் கணக்கில் வராதது என்ன? டோக்கியோவில் அன்று மழை. பாதிக்கப்பட்ட வலது காலில் போட்டிருந்த சாக்ஸ் நனைந்து கால் பிடிமானம் போனது என்று மாரியப்பனே சொன்னார். ரியோவில் அந்தப் போட்டிக்கு டி-42 என்று பெயர். அடுத்த இரண்டு பாராலிம்பிக்கிலும் டி-63. செயற்கைக் காலோடு தாண்டுகிறவரும் அது இல்லாமல் தாண்டுகிறவரும் ஒரே குச்சிக்கு மேலே போகிறார்கள். அந்தக் குச்சியும் தானாக உயர்வதில்லை, எதிரே நிற்கிற ஆள் எவ்வளவு தாண்டினான் என்பதுதான் அதை உயர்த்துகிறது. 1.94 தாண்டுகிற ஒருவன் எதிரில் இருந்திருந்தால் ரியோ மாரியப்பன் எவ்வளவு தாண்டியிருப்பார்? இதைச் சொல்ல எந்தக் கம்ப்யூட்டராலும் ஆகாது.

எட்டே வருடம். ஒரே ஆள். அளவுகோலும் சென்டிமீட்டர். அப்படியிருந்தும் கணக்கு செல்லவில்லை. இதில் 1952-ஐயும் 2020-ஐயும் கோர்ப்பதற்கு நமக்கு எங்கிருந்து தைரியம் வருகிறது?

இங்கேதான் எனக்குக் கோபமே. அந்த ஆட்டத்தில் அடிபடுவது பீமனோ அலியோ இல்லை, இப்போது உயிரோடு ஓடிக்கொண்டிருக்கிறவர்கள். தொடர்ந்து 3 பாராலிம்பிக்கில் பதக்கம் வாங்கிய ஒருவரை, அவருடைய பழைய நிழலோடு மோதவிட்டு, நிழல்தான் ஜெயித்தது என்று சொல்லிவிட்டுப் போகிறோம்.

*

கடைசியாக ஒன்று. வேறு வேறு காலத்துச் சாம்பியன்கள் நிஜமாகவே மோதியிருக்கிறார்கள். பலமுறை. அதைப் பற்றி மட்டும் டீக்கடையில் யாரும் பேசுவதில்லை.

1951 அக்டோபர் 26. 37 வயது ஜோ லூயிஸ், 28 வயது மார்சியானோ. பன்னிரண்டு வருடம் சாம்பியனாக இருந்த லூயிஸ் ஓய்வு பெற்றுவிட்டுத் திரும்பி வந்ததற்குக் காரணம் பெருமை இல்லை, வரிக் கடன். எட்டாவது ரவுண்டில் கயிற்றுக்கு வெளியே போய் விழுந்தார். ஜெயித்த மார்சியானோ பிறகு அழுதார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். லூயிஸ் அவருடைய சின்ன வயதுக் கதாநாயகன்.

1980-ன் தொடக்கத்தில் அலி சென்னை வந்தார். நேரு ஸ்டேடியத்தில் கண்காட்சிச் சண்டை. எம்.ஜி.ஆரும் அலியும் சேர்ந்து நிற்கிற படத்தைப் பார்க்காத தமிழன் இருக்கமாட்டான். அன்று அலியின் எதிரில் கிளவுஸ் மாட்டி நின்றவர் யார் என்று கேட்டுப் பாருங்கள், தெரியாது. ஜிம்மி எல்லிஸ். அலியின் சொந்த ஊரான லூயிவில்லைச் சேர்ந்தவர், அலியின் பயிற்சித் துணை. அலியிடமிருந்து பட்டத்தைப் பறித்த பிறகு நடத்திய போட்டியில் ஜெயித்து 1968-ல் உலகச் சாம்பியன் ஆனவர். நண்பன் தடையில் இருந்த காலத்தில் நண்பனின் நாற்காலியில் உட்கார நேர்ந்த ஆள். 1971-ல் அலியிடமே தோற்றார். எந்தக் கம்ப்யூட்டர் போட்டியையும்விடப் பெரிய கதை அந்த மேடையில் நின்றது. நம் கண் எம்.ஜி.ஆரையும் அலியையும் தாண்டிப் போகவில்லை.

அதே 1980 அக்டோபர் 2 அன்று, 38 வயது அலி, ஓய்விலிருந்து திரும்பி, லாரி ஹோம்ஸோடு மோதினார். ஹோம்ஸும் அலியின் பழைய பயிற்சித் துணைதான். பத்து ரவுண்டு. அலியால் கையைத் தூக்க முடியவில்லை. குரு ஏஞ்சலோ டண்டி சண்டையை நிறுத்தினார். ஜெயித்த ஹோம்ஸும் அழுதார். 1988 ஜனவரியில் அதே ஹோம்ஸ், அதே 38 வயதில், 21 வயது டைசன் முன்னால் நின்றார். நான்காவது ரவுண்டில் மூன்று முறை விழுந்தார். 2024 நவம்பரில் 58 வயது டைசன், 27 வயது ஜேக் பால் முன்னால் நின்றார். எட்டு ரவுண்டும் நின்று பாயிண்டில் தோற்றார்.

லூயிஸ், அலி, ஹோம்ஸ், டைசன். காலம் தாண்டி நடந்த இந்த நிஜச் சண்டைகளின் முடிவு ஒன்றுதான். இளைய உடம்பு ஜெயித்தது, மூத்த உடம்பு அடி வாங்கியது. 1984-ல் அலிக்கு பார்க்கின்சன் நோய் என்று கண்டுபிடித்தார்கள். 2016-ல் இறந்தார். ஜிம்மி எல்லிஸ் நினைவு அழிந்துபோய் 2014-ல் இறந்தார். தலையில் வாங்கிய குத்துகள் மூளையில் தங்கிய கணக்கு அது.

கற்பனைச் சண்டையின் கவர்ச்சி இங்கேதான் இருக்கிறது. அதில் யாருக்கும் மூளை கலங்காது, யாருக்கும் வரிக் கடன் இல்லை, யாரையும் போருக்குக் கூப்பிடவில்லை, யாரும் முப்பத்தெட்டு வயதில் கையைத் தூக்க முடியாமல் நிற்கவில்லை. எல்லோரும் என்றைக்கும் இருபத்தைந்து. செலவே இல்லாத வீரம். அதனால்தான் நமக்கு அது இனிக்கிறது.

பேசாதீர்கள் என்று சொல்ல நான் யார்? பேசுங்கள். ஆனால் அடுத்தமுறை டீக்கடையில் யாராவது அலியையும் டைசனையும் இறக்கினால், நடுவில் லாரி ஹோம்ஸ் என்று ஒருத்தர் இருந்தார் என்று சொல்லுங்கள். அலியை அடித்துவிட்டு அழுதவர், டைசனிடம் விழுந்தவர். அந்த இரண்டு காலத்தையும் தன் சொந்த உடம்பால் தொட்டுப் பார்த்தவர் அவர். அவரைத் தாண்டி ஒரு பதில் கிடையாது.